அழைத்தவன் அனுப்பவும் வேண்டும்

2023 ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் தேற்றாத்தீவுக்கு வந்திருந்தான். பதினேழு வயது. அவனுடைய பையில் இருபது முகம் கொண்ட பகடைகளும் தடித்த விதிநூல் ஒன்றும் இருந்தன. விறாந்தையில் தாள்களைப் பரப்பிவைத்து என் மாணவர் இருவருக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான்.

"மாமா, இதில பேயைக் கூப்பிடுறதுக்கும் சட்டம் இருக்கு" என்றான்.

"கூப்பிட்டதை அனுப்புறதுக்கு?" என்று நான் யோசியாமல் கேட்டேன். அவன் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினான்.

அந்தக் கேள்வி என்னுடையதல்ல. என் பெத்தப்பாவினுடையது. அவர் எங்கள் ஊரில் உடுக்கும் வேப்பிலையுமாக வாழ்ந்த ஒரு கட்டாடி. அவருடைய கேள்வியைப் பிடித்துக்கொண்டு, இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அதில் எனக்குக் கிடைத்ததையே இங்கு எழுதுகிறேன்.

'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற இவ்விளையாட்டு 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். மேசையைச் சுற்றிச் சிலர் இருப்பர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவர். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1976 இல் வந்த இணைப்பு நூலொன்றில் பேய்கள் புகுந்தன. 1978 இன் விதிநூலிலே பேயை வரவழைக்கும் மந்திரம் ஒன்றும் சேர்ந்தது. வரவேண்டிய பேயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பவன் காப்பு வட்டத்துக்குள் நிற்க வேண்டும். தவறினால் ஆபத்து அழைத்தவனுக்கே.

எண்பதுகளில் அமெரிக்கத் தாய் தந்தையரும் தேவாலயங்களும் இதைச் சாத்தானின் வேலை என்று எதிர்த்தனர். 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் சொற்களையே வெளியீட்டாளர் எடுத்துவிட்டனர். அவை பின்னர் புதுப் பெயர்களோடு வந்தன. 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய சொற்கள் திரும்பின.

ஆனால் பெயரும் வட்டமும் கைகக்ஸ் கற்பனை செய்தவை அல்ல. 1977 இன் விளையாட்டு நூலில் வரும் அஸ்மோடியஸ் என்ற பெயர், 'சொலமனின் ஏற்பாடு' எனப்படும் பழைய கிரேக்க நூலிலேயே உண்டு. அந்நூலில் மன்னர் ஒவ்வொரு பேயையும் நிறுத்தி இரண்டு விடயங்களை விசாரிக்கிறார்: உன் பெயர் என்ன? உன்னை அடக்குபவர் யார்? அடக்குபவர் இல்லாத பேய் கிடையாது என்பதே அந்த விசாரணையின் அடிப்படை.

ஐரோப்பாவில் இம்மரபு பட்டியலாக வளர்ந்தது. யொஹான் வேயர் என்ற வைத்தியர் 1563 இல் ஒரு நூல் எழுதினார். சூனியக்காரிகள் என்று எரிக்கப்படும் பெண்கள் நோயாளிகள், அவர்களைக் கொல்லாதீர்கள் என்பது அவர் வாதம். 1577 இல் அதற்குப் பின்னிணைப்பாக 69 பேய்களின் பட்டியலைச் சேர்த்தார். யாரும் செய்து பார்த்துவிடக் கூடாதென்று அழைப்புமுறையின் சில சொற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் அப்பட்டியல் 72 ஆகி, அழைப்பவனுக்கு வட்டம், வருவதற்கு முக்கோணம் என்ற ஒழுங்கோடு வேறொரு கைந்நூலில் நின்றது.

சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஜின்கள் வசப்பட்டதை இவ்விதழின் வாசகர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். அது இறைவன் கொடுத்தது, வட்டம் போட்டுப் பெற்றதல்ல. சூனியத்தைக் கற்பித்தோர் ஷைத்தான்களே, நபியல்லர் என்பதையும் குர்ஆன் தெளிவாகவே சொல்கிறது. கைத்தடியில் சாய்ந்தவாறு அவர் மரணித்ததை, கறையான் தடியை அரிக்கும்வரை ஜின்கள் அறியவில்லை என்ற செய்தியை நான் ஆசிரியர் கலாசாலையில் என் அறைத் தோழனிடம் கேட்டேன். அவன் கல்முனைப் பக்கத்தவன். மறைவானதை ஜின்னும் அறியாது என்பதே அதிலுள்ள பாடம் என்றான்.

பக்தாத் நூல் வணிகர் இப்னு அந்நதீம் 987 இல் தொகுத்த 'அல் பிஹ்ரிஸ்த்' என்ற நூற்பட்டியலில் இதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஜின்களை வசப்படுத்துவதாகச் சொல்வோரை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார். ஒரு சாரார் இறைவனுக்குக் கீழ்ப்படிந்து, அவன் பெயரால் ஆணையிட்டே அடக்குவதாகச் சொல்வோர். மறு சாரார் பலியும் பாவமும் கொடுத்து ஷைத்தான்களின் தயவைப் பெறுவோர். முன்னையது ஆணை, பின்னையது பேரம். இவ்வளவு தெளிவான பிரிப்பை வேறெங்கும் நான் காணவில்லை.

எமது நாட்டில் சிங்கள மக்களின் தொவில் சடங்கிலும் இந்த ஆணை இருக்கிறது. யக்குகள் தம்மிஷ்டப்படி ஆளைப் பிடிக்க முடியாது. அவற்றின் அரசன் வெசமுனி கொடுத்த வரத்தின்படியே நடக்க வேண்டும். காணிக்கையைப் பெற்றால் விலக வேண்டும். ஆடுபவர் வாதாடுவது பெரும்பாலும் இந்த வரத்தின் எல்லையைக் காட்டித்தான்.

மட்டக்களப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: இங்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. விருந்தோம்பலைச் சொன்னதா, மாந்திரிகத்தைச் சொன்னதா என்று இன்றும் சிரித்துக்கொள்வோம். ஆனால் சடங்கு தெரிந்தவர்களுக்கு ஒட்டவைப்பதைவிட அவிழ்ப்பதே பெரிய வேலை. முதலில் ஊர்காவல் செய்து எல்லையைக் கட்டுவர். பிறகே அழைப்பு. மடை வைத்து, ஆடவிட்டு, கேட்டதைக் கொடுத்து, கட்டியதை அவிழ்த்து, வழியனுப்ப வேண்டும். கண்ணகை அம்மன் சடங்கு கதவு திறத்தலில் தொடங்கிக் குளிர்த்தியில் முடியும். குளிர்த்தி இல்லாமல் சடங்கு இல்லை.

விளையாட்டுக்கும் இதே முறைதான். எங்கள் ஊரின் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலின் பெயரைக் கேட்டாலே எனக்குக் கொம்பு விளையாட்டு ஞாபகம் வரும். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். இரண்டு கொம்புகளைக் கொளுவி இழுப்பர். ஒருவரை ஒருவர் வசை பாடுவர். கொம்பு முறிந்து, அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ததும் பகை முடிந்துவிடும். பகையையும் முறையாக அழைத்து முறையாக அனுப்பியிருக்கிறார்கள் எம் முன்னோர்.

இனி என் கதைக்கு வருகிறேன். பெத்தப்பாவிடம் முஸ்லிம் குடும்பங்கள் மாலையில் வருவதுண்டு. பயந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் சிலரை, "இது எனக்குரியதில்லை, ஓதிப் பார்ப்பிச்சுக்கொள்ளுங்கோ" என்று அவர்களுடைய பெரியவர் ஒருவரிடம் அனுப்புவார். அந்தப் போக்குவரத்து 1990 இல் நின்றது. அவ்வருடம் ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் பிள்ளைகளுமாகத் தமிழர் கொல்லப்பட்டனர். வேறு பெயர்களும் திகதிகளும் இருபுறமும் உண்டு.

அந்த மாதங்களில் வெளியே போன என் சித்தப்பா திரும்பவில்லை. யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வயதான எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. ஓரிரவு பெத்தப்பாவிடம் போய், அயலிலுள்ள முஸ்லிம் ஊரின் பெயரைச் சொல்லி, "அங்க ஒண்டை ஏவிவிடுங்கோ" என்றேன். இதை இத்தனை வருடங்களில் எங்கும் எழுதியதில்லை. இந்த இதழில் எழுதுவதுதான் முறையென்று படுகிறது.

அவர் ஏசவில்லை. "கூப்பிடலாம் மனே. போய் வேலையை முடிச்சிட்டு இந்தப் படலையிலதான் வந்து நிக்கும். இனி என்ன எண்டு கேட்கும். அதுக்கு என்ன குடுப்பாய்?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "அனுப்பத் தெரியாதவன் கூப்பிடக் கூடாது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பின்னர் நான் மந்திரம் பழகக் கேட்டபோதும் சொல்லித்தரவில்லை. அவர் 2001 இல் காலமானார்.

அவர் சொன்னதை நான் பிற்பாடு கண்டது ஒரு விளையாட்டு நூலில்தான். ரொன் எட்வர்ட்ஸ் என்பவர் 2001 இல் அச்சில் வெளியிட்ட 'சோர்சரர்' என்ற விளையாட்டில் பேயைத் தொடர்புகொள்ளல், அழைத்தல், கட்டுதல், தண்டித்தல், அனுப்புதல் என்று தனித்தனி விதிகள் உண்டு. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு தேவை இருக்கும். கட்டியவன் அதைத் தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடுபவனின் தாளில் 'மனிதத்தன்மை' என்று ஓர் எண் இருக்கிறது. அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது குறையக்கூடும். பூச்சியமானால் அந்தப் பாத்திரம் ஆடுபவனின் கையைவிட்டுப் போய்விடும்.

1990 இல் அழைத்தவர்களிடம் இப்படியொரு தாள் இருக்கவில்லை. வந்ததை அனுப்பும் முறையை எத்தரப்பாரும் படித்திருக்கவில்லை. அது பல வருடங்கள் எங்கள் படலைகளில் நின்று, இனி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை பேரைக் கொடுத்தோம் என்பது எல்லோரும் அறிந்தது.

மருமகன் அன்றைக்கு அனுப்பும் விதியைக் கண்டுபிடித்து எனக்கு வாசித்துக் காட்டினான். பயணம் போகுமுன் பகடைகளை என் மாணவரிடமே கொடுத்துவிட்டான். அவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் விளையாடுகிறார்கள். கலாசாலைத் தோழனின் மகனும் கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறான். அவனைப் பொழுது படுவதற்குள் பஸ் ஏற்றி அனுப்புவது என் வேலை.