எந்த கம்பெனிம்மா? – புள்ளலூர் போர், 1780



ஆண்டு விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் குழு ஊக்குநர் அக்கா சொன்னார். கோலம், சமையல் குறிப்பு எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், நீ வேறு ஏதாவது எழுது என்றார். எனக்கு என் மகன் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவன், "கம்பெனிப் படை தோத்துப் போச்சுன்னு போட்டிருக்கு. எந்த கம்பெனிம்மா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பு இல்லை. நம்ம பக்கத்தில் கம்பெனி என்றால் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிற கார் கம்பெனி, போன் கம்பெனிதான். காலையில் பஸ் வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது, ராத்திரி ஷிப்ட் முடிந்து கொண்டுவந்து விடுகிறது. ஆனால் 240 வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் கம்பெனி என்றால் ஒன்றே ஒன்றுதான். கிழக்கிந்தியக் கம்பெனி. அன்றைய ஜனங்கள் அதைக் கும்பினி என்பார்கள். அந்தக் கும்பினியின் படை இந்தியாவில் வாங்கிய மிகப்பெரிய அடிகளில் ஒன்று நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூரில் விழுந்தது. நான் பத்தாவது படித்தபோது அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ தூரதேசம் என்றுதான் நினைத்தேன்.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். பல்லவர் காலத்திலேயே பேர் பெற்ற ஊர். மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளை அங்கே வென்றதாகப் பல்லவர் செப்பேட்டில் இருக்கிறது. ஆங்கிலேயர் வாயில் புள்ளலூர் நுழையவில்லை, பொள்ளிலூர் என்று எழுதி வைத்தார்கள்.

அப்போது நம்ம ஊர்கள் யார் கையில் இருந்தன? ஆற்காடு நவாப் முகமது அலி கும்பினியிடம் கடன்பட்டவர். 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகிராகக் கொடுத்துவிட்டார். அதாவது நம்ம ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லின் வரி கும்பினிக்குப் போக ஆரம்பித்தது. கடன் வாங்கினவர் நவாப், கட்டினவர்கள் நம்ம பாட்டன் பூட்டன். கடன் என்றால் என்ன என்று குழுவில் இருக்கிற நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மைசூரை ஆண்டவர் ஹைதர் அலி. எங்களை யாராவது தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று 1769-ல் கும்பினி அவரோடு ஒப்பந்தம் போட்டது. பிறகு மராட்டியர் மைசூர் மேல் படையெடுத்தபோது கும்பினி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1779-ல் ஹைதருக்கு வேண்டிய துறைமுகமான மாஹியையும் பிடித்துக்கொண்டது. 1780 ஜூலையில் ஹைதர் 80,000-க்கும் மேற்பட்ட படையோடு மலைக் கணவாய் வழியாக இறங்கி வந்தார். அவருடைய குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்தது.

கும்பினிக்கு இரண்டு படைகள். ஒன்று தளபதி சர் ஹெக்டர் மன்றோவுடையது. பக்சார் போரில் ஜெயித்த பெரிய ஆள். அவர் சுமார் 5,000 பேரோடு காஞ்சிபுரம் வந்து இறங்கினார். இன்னொன்று கர்னல் வில்லியம் பெய்லியுடையது. குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு வந்துகொண்டிருந்தது. இரண்டும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆகஸ்ட் 25-ந் தேதி பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் அப்போது தண்ணீர் குறைவு. அன்றைக்கே தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கரையிலேயே கூடாரம் போட்டுவிட்டார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் தொடக்கம் வரை ஆற்றைத் தாண்ட முடியவில்லை. அதற்குள் ஹைதருக்கு விஷயம் தெரிந்து, மகன் திப்புவை அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 6-ந் தேதி பேரம்பாக்கம் பக்கத்தில் திப்பு பெய்லியை மறித்தார். நரசிங்கபுரம் கோயிலுக்குப் போகிறோமே, அதே பேரம்பாக்கம்தான். பெய்லி சமாளித்துவிட்டார், ஆனால் மேலே நகர முடியவில்லை. நீங்கள் இங்கே வாருங்கள் என்று மன்றோவுக்கு எழுதினார். மன்றோவோ காஞ்சிபுரத்தில் கோயிலில் வைத்திருந்த தானியத்தையும் சாமானையும் விட்டு வர மனசில்லாமல், கர்னல் பிளெட்சரோடு சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார்.

9-ந் தேதி ராத்திரி எல்லாரும் காஞ்சிபுரம் பார்த்துக் கிளம்பினார்கள். பாதி வழியில் பெய்லி மறுபடியும், விடியட்டும் என்று நிறுத்திவிட்டார். விடிந்தபோது ஹைதரின் முழுப் படையும் வந்துவிட்டது. அதுதான் 1780 செப்டம்பர் 10.

திப்பு படையிடம் ராக்கெட் இருந்தது. நம்ம தீபாவளி ராக்கெட் மாதிரிதான், ஆனால் இரும்புக் குழாயில் மருந்து அடைத்தது. ரொம்ப தூரம் போகும். நாலு பக்கமும் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் விழ, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்கு மேல் சுட மருந்து இல்லை. சதுரமாக நின்று திரும்பத் திரும்ப வந்த குதிரைப்படையைத் தடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெய்லி சரணடைந்தார். சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் செத்தார்கள், இல்லை பிடிபட்டார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் 1782-ல் இறந்துபோனார். பீரங்கிச் சத்தம் கேட்டுக் கிளம்பிய மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

இந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் அரண்மனைச் சுவர் முழுக்க ஓவியமாக வரைய வைத்தார். இன்றும் இருக்கிறது. மைசூர் டூர் போகிறவர்கள் அது நம்ம ஊர்ச் சண்டை என்று தெரிந்து பாருங்கள். அந்த ராக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் பின்னாடி தங்களுக்கு ராக்கெட் செய்துகொண்டார்கள்.

இதைச் சுதந்திரப் போர் என்று சொல்லலாமா? ஹைதர் தன் ராஜ்ஜியத்துக்காகத்தான் சண்டை போட்டார். செத்த கும்பினிச் சிப்பாய்களிலும் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசின நம்ம ஆட்கள்தான். ஆனாலும் கும்பினியை யாரும் ஜெயிக்க முடியாது என்கிற பயத்தை இந்த ஒரு நாள் உடைத்தது. கும்பினிக்காரர்கள் கணவரைக் கொன்றதால் எட்டு வருஷம் ஒளிந்து வாழ்ந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், ஹைதரின் உதவியோடு தன் சீமையைத் திரும்பப் பிடித்ததும் இதே 1780-ல்தான். பிறகு 1806-ல் வேலூரில் சிப்பாய்களே எழுந்தார்கள். அந்த வரிசையில் புள்ளலூர் முன்னாடி நிற்கிறது.

ஆனால் சகோதரிகளே, இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கும்பினிப் படைக்கு அரிசியும் மாடும் கிடைக்கக் கூடாது என்று ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றின ஊர்களைக் கொளுத்தியது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் 1781 ஆகஸ்ட் 27-ல் அதே புள்ளலூரில் இன்னொரு சண்டை. விதைக்க ஆள் இல்லை, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெரிய பஞ்சம் வந்தது. சனங்கள் சென்னையைப் பார்த்து நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஆரம்பித்ததுதான் மணியக்காரர் சத்திரம். நம்ம பெரியவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது இதனால்தான். என் மாமியார் அப்படித்தான் சொல்வார். பேர் எப்படி வந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

புள்ளலூரில் இன்றைக்கு இரண்டு உயரமான தூண்கள் இருக்கின்றன. 1781 சண்டையில் செத்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்காக வைத்தது. அவர்கள் பேர் கல்லில் இருக்கிறது. வீடு எரிந்த பெண், இடுப்பில் குழந்தையோடு கஞ்சித் தொட்டி வரைக்கும் நடந்த பெண், அவர்கள் பேர் எதிலும் இல்லை. அவர்களில் யாரோ ஒருத்தி திரும்பி வந்து மறுபடியும் நாற்று நட்டதால்தான் இந்த ஊர்கள் இருக்கின்றன.

தோற்றவர்களிடமிருந்தும் ஒன்று கற்றுக்கொள்ளலாம். மன்றோவிடம் ஆள் இருந்தது, பெய்லியிடமும் இருந்தது. நடுவே ஒரு நாள் நடைதான். சேராததால் தோற்றார்கள். நம்ம குழுக்கள் தனித்தனியாக இருந்தபோது பேங்கில் எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், கூட்டமைப்பாகப் போனபோது எப்படி நடந்தது என்று நமக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வயல் பிளாட்டாகிறது, பிளாட் கம்பெனியாகிறது. வேலை வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மண் மாறும்போது அதன் கதையும் மறந்துபோகிறது. அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துப் பிள்ளைகளைப் புள்ளலூருக்கும் பேரம்பாக்கத்துக்கும் கூட்டிப் போவோம். தீர்மான நோட்டில் எழுதுகிற மாதிரி, அவரவர் ஊர்ப் பாட்டிகள் சொல்கிற பழைய கதைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். எந்த கம்பெனிம்மா என்று பிள்ளை கேட்டால், நாம் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.