வெள்ளைக்கும் நாணலுக்கும் பிறந்த கரும்பு

கரும்பு போடுகிறவர் யாரும் விதை தேடி அலைவதில்லை. முற்றிய கழியை வெட்டிக் கரணையாக்கிப் பாரில் படுக்க வைத்து மண்ணை அணைத்தால், கணுவிலுள்ள பரு முளைத்துவிடும். அறுவடைக்குப் பின் அடிக்கட்டையை விட்டுவைத்தால் மறுதாம்பும் வரும். இதில் தாய் எது, பிள்ளை எது என்ற பேச்சுக்கே இடமில்லை. வயல் முழுக்க நிற்பது, மரபணுக் கணக்கில், ஒரே செடி. பிடித்த ரகத்தின் குணம் மாறாது என்பது இதன் லாபம். ஒன்றை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்தும் என்பது நஷ்டம்.

அந்த நஷ்டத்தைக் கோதாவரிப் படுகை விவசாயிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டார்கள். செவ்வழுகல் நோய். தாக்கிய கழியைப் பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும். நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள், மூக்கில் ஏறும் புளித்த வாடை. சென்னை மாகாண அரசு சாமல்கோட்டில் கரும்புப் பண்ணை தொடங்கியதற்கு இதுதான் காரணம். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர்.

கரும்பு பூக்கும் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பூவில் முளைக்கிற விதை இருக்கிறது என்பதைத்தான் நெடுங்காலம் நம்ப ஆளில்லை. 1880களின் இறுதியில் ஜாவாவில் சோல்ட்வெடலும், பார்படோஸில் ஹாரிசனும் போவெலும் விதையிலிருந்து நாற்று எழுப்பிக் காட்டினார்கள். கரும்பு அதிகம் விளையும் வட இந்தியாவிலோ அது சரியாகப் பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கோவையின் பகல் நீளமும் வெப்பமும் பூவுக்குத் தோதாக அமைந்தன. பஞ்சாபுக்கும் பீகாருக்கும் வேண்டிய கரும்பைக் கோவையில் பிறப்பிக்க 1912இல் இனப்பெருக்க நிலையம் திறக்கப்பட்டது. பார்பர் தலைமை, உடன் டி. எஸ். வெங்கடராமன்.

அவர்கள் தாயாகத் தேர்ந்தது ‘வெள்ளை’ என்ற பருத்த, சாறு மிகுந்த கரும்பு. தகப்பனாக வந்தது, ஆற்றோரம் தானாக மண்டிக் கிடக்கும் நாணல். சர்க்கரைக்கு உதவாத புல்தான். ஆனால் வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் உடல்கட்டு அதற்கு உண்டு. சம்பந்தம் பேசியவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

விதையில் பிறக்கும்போது கதையே வேறு. ஒரே பூங்கதிரின் விதைகள் என்றாலும் ஒரு நாற்று மற்றொன்றைப் போல இருக்காது. பெற்றோரின் மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் வேறு விதமாகச் சேர்ந்திருக்கும். பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். தப்பியவற்றில் ஒன்று கோ 205. 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போய் உள்ளூர்க் கரும்புகளை ஓரங்கட்டியது.

இந்தக் கலப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வெள்ளைக்கு 80 குரோமோசோம்கள், கோவை நாணலுக்கு 64. தாயும் தகப்பனும் பாதிப் பாதி கொடுப்பது பொது வழக்கம் என்பதால் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய் தன்னிடமிருந்த 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. தகப்பன் மட்டும் பாதியான 32ஐக் கொடுத்தது. நாணலின் புல்குணம் பிள்ளையில் அமுங்கி இனிப்பு தலைதூக்கியதில் இந்தத் தாராளத்துக்குப் பங்குண்டு. இப்படியொரு கணக்கு நடப்பதைக் கரும்புக் கலப்புகளில் பின்னாளில் கண்டு சொன்னவர், ஜாவாவில் ஆராய்ந்த ப்ரேமர். 1934இல் கோவைக்கு வந்த தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாளும் நுண்ணோக்கியின் கீழ் இதே எண்ணிக்கை வேலையைத்தான் செய்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்தவர் அவர்.

பிறகு கோ 419, கோ 740, தமிழ்நாட்டு ஆலைகளுக்குப் பழகிப்போன கோ 86032 என்று வரிசை நீண்டது. கோவையில் கலந்த விதை தென்னாப்பிரிக்காவுக்குப் போய் என்கோ 310 ஆகி, தைவான் வரை பரவியது.

ஆனால் விதையில் பிறந்த பிள்ளையும், தேர்வான மறுகணமே கரணைக்குத் திரும்பிவிடுகிறது. 2009இல் வெளியான கோ 0238, கோவை நிலையத்தின் கர்னால் கிளையில் உருவானது. விளைச்சலும் சர்க்கரைச் சத்தும் சேர்ந்தே கூடியதால், சில ஆண்டுகளில் உத்தரப்பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியை அது பிடித்தது. அங்கேயும் ஒரே செடிதான், லட்சக்கணக்கான ஏக்கரில். செவ்வழுகல் பூஞ்சையில் ஒரு புதிய வகை கிளம்பியதும் வயல் வயலாகச் சாய்ந்தது. இப்போது ஆலைகளே விவசாயிகளிடம் கோ 0118, கோ 15023 என்று மாற்று ரகங்களின் கரணையைக் கொடுத்து நடச் சொல்கின்றன.