பாம்புக் கணக்கு: கச்சிராயபாளையம் முதல் வடநெம்மேலி வரை



போன ஐப்பசி மழையில் நம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு பாம்பை அடித்துக் கொன்றது பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. "நல்ல வேளை, குழந்தைகள் விளையாடுகிற இடம்" என்று பலரும் எழுதினார்கள். அடித்தவருக்குப் பாராட்டும் குவிந்தது. நான் அப்போது கீழேதான் நின்றிருந்தேன். அது சாரைப்பாம்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. விஷமில்லாதது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம், கூச்சல், பிள்ளைகளைப் பெற்றவர்களின் நியாயமான பயம். நான் சொல்வது தவறாகிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் வேறு. அது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது விரிவாக எழுதுகிறேன். இடம் கொடுத்த செயலாளருக்கு நன்றி.

எங்கள் ஊர்

என் சொந்த ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். என் சிறுவயதில் தென்னாற்காடு. கோமுகி அணைத் தண்ணீரில் நெல்லும் கரும்பும், மேட்டில் மல்லாட்டையும் போடுவோம். பின்னாளில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே எங்கள் ஊருக்கு வந்தது. கரும்பு இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகும்போது அப்பா கையில் ஒரு தடி இருக்கும். அது அடிப்பதற்கு இல்லை. "தட்டிக்கிட்டே நட. அதுக்கு நீ வர்றது தெரிஞ்சா அதுவே போயிடும்" என்பார். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்கிறது என்று பிறகு படித்தேன். அப்பா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

கரும்பு வெட்டும்போது இன்னொரு வழக்கம். நாலு பக்கமும் வளைத்து வெட்ட மாட்டார்கள். ஒரு பக்கத்தை விட்டுவைத்து மற்ற பக்கங்களிலிருந்து வெட்டி வருவார்கள். உள்ளே இருப்பது அந்த வழியாகப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். வழி இல்லாத பாம்புதான் சீறும் என்பார் எங்கள் மேஸ்திரி.

அறுவடை முடிந்ததும் எலி பிடிக்க இருளர்கள் வருவார்கள். வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் வளை வாயில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினார். "உள்ள நல்லது இருக்குதுங்கய்யா. அது அதோட வேலையப் பாக்குது. நாம வேற வளை பாப்போம்" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வார்த்தை அப்படியே மனதில் நின்றுவிட்டது.

பாம்பு சாதுவான பிராணி என்று நான் சொல்ல வரவில்லை. 1974-ல் என் சித்தப்பா, திண்ணையில் பாய் விரித்துத் தூங்கியவர், நடு ராத்திரியில் வயிற்று வலி என்று எழுந்தார். உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. விடிவதற்கு முன் கண் இமை தொங்கிவிட்டது, பேச்சுக் குழறியது. மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேயே மூச்சு நின்றது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, அதன் கடியில் வலியும் தடமும் பெரும்பாலும் இருக்காது, தரையில் தூங்குபவர்களையே அதிகம் கடிக்கிறது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. மந்திரிப்பவர் வீட்டுக்குப் போன அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்திருக்கலாம். இதை நினைக்காத வருஷம் கிடையாது.

அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம்

சோழமண்டலக் கரையின் பாம்புகளை முதலில் முறையாக வரைந்து எழுதியவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் விசாகப்பட்டினத்தில் இருந்தவர். அவருடைய புத்தகம் 1796-ல் வண்ணப் படங்களுடன் வெளியானது. எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று பிரித்தறியப் பயன்படுவதே அதன் முக்கிய நோக்கம். நாம் கண்ணாடி விரியன் என்பதை ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அதன் பிறகு வந்த வெள்ளைக்கார அரசு கொன்ற பாம்புக்குச் சன்மானம் கொடுத்துப் பார்த்தது. பாம்பும் தீரவில்லை, சாவும் குறையவில்லை. மருந்துக்கு வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாகத்தின் விஷத்தைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து முறிவு மருந்து எடுத்துக் காட்டினார். இன்றும் அடிப்படை அதுதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து ஊசி மருந்தாக்குகிறார்கள். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதாவது, மருந்து வேண்டுமானால் விஷம் வேண்டும். விஷம் வேண்டுமானால் பாம்பு உயிரோடு வேண்டும்.

வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவு சங்கம்

பி.காம். படித்த எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தலைமுறைகளாகப் பாம்பு பிடிப்பவர்கள். தடத்தையும் சட்டையையும் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் இந்தத் திறமை தோல் வியாபாரத்துக்குத்தான் பயன்பட்டது. பிடித்துத் தோலுரித்துக் கொடுத்தால் தோலுக்கு இவ்வளவு என்று கூலி. நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கில் பாம்புத் தோல்கள் வெளிநாட்டுக்குக் கைப்பையும் செருப்புமாகப் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுபதுகளின் நடுவில் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது. ஆனால் இருளர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போனது.

சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர் இருளர்களிடம் பாம்பு பற்றிக் கற்றவர். அவரும் இருளர்களும் சேர்ந்து முயன்றதில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது.

1990-களில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றலானபோது பிள்ளைகளோடு அங்கே போனேன். மண் தரையில் வரிசையாகப் பானைகள், வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே கொஞ்சம் மணல், ஒரு பாம்பு. எந்தப் பாம்பு எத்தனை இருப்பு என்று கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். எங்கள் கிளையின் இருப்புப் புத்தகம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அவர்கள் முறை இது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடித்து வந்த பாம்பிடமிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி அகப்பட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். சில முறை சட்டை உரித்தால் அடையாளம் மறைந்துவிடும். விஷத்தை உலர்த்தித் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், தோல் வியாபாரம் அசலையே செலவழித்தது. இவர்கள் அசலைத் தொடாமல் வட்டியில் வாழ்கிறார்கள்.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போன முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூடம் தராத படிப்புக்கு நாடு கொடுத்த மரியாதை என்றே அதைப் பார்க்கிறேன்.

நாம் செய்யக்கூடியது

2020-ல் வந்த ஓர் ஆய்வின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கணக்கு சரியாக இருந்தால்தான் மருந்து எங்கே எவ்வளவு தேவை என்று தெரியும்.

சாரை விஷயத்துக்கு வருகிறேன். நீளமாக, பழுப்பாக, பெரிய கண்களோடு இருக்கும். படமெடுக்காது. சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்பது கட்டுக்கதை. இரண்டு சாரைகள் பின்னி எழுந்து நிற்பதும் பெரும்பாலும் ஆண்கள் இரண்டின் மல்லுக்கட்டு. அதன் முக்கிய உணவு எலி. சாரையையும் நல்லபாம்பையும் கொல்வது சட்டப்படி குற்றமும்கூட.

ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். ஐப்பசியில் தடி எடுக்கிறோம். பாம்புக்குப் பால் உணவே இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று வழி விடுவதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய மரியாதை.

அடுத்த பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள்கள்:

1. தீயணைப்பு மீட்புப் பணி எண் 101, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டையும் காவலர் அறையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். பாம்பைக் கண்டால் பிள்ளைகளை விலக்கி, தூரத்திலிருந்து ஒருவர் கண்காணிக்க, மற்றவர் போன் செய்ய வேண்டும்.

2. பின்பக்கத்தில் கிடக்கும் உடைந்த டைல்ஸ், மரச் சட்டங்களை அகற்ற வேண்டும். குப்பையை மூடி வைத்தால் எலி குறையும்.

3. யாரையாவது கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரி. பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

4. நம் காவலர்களும் வேலைக்கு வருபவர்களும் தரையில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் சங்கச் செலவில் வாங்க வேண்டும். என் பங்காக ஒரு கட்டிலுக்கான தொகையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜெனரேட்டர் அறைப் பக்கம் இப்போது புதிதாக எலி வளைகள் இருப்பதை எலக்ட்ரீஷியன் காட்டினார். ஒரு பாம்பு போனதால்தான் வந்தது என்று நான் கணக்கு எழுத மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் எலி இருக்கும் இடத்துக்கு இன்னொரு பாம்பு வரும். அது சாரையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அன்றைக்கு யாரும் தடியைத் தூக்குவதற்கு முன் ஏ பிளாக் தரைத்தளத்தில் என் கதவைத் தட்டுங்கள். இந்த முறை வாயைத் திறப்பேன்.