கொழுப்பு வேனும் சந்தீப் பாசுவும்

விருதுநகர் மாவட்டம்னு சொன்னா சென்னையில அடுத்து வர்ற கேள்வி ரெண்டுல ஒண்ணுதான். பட்டாசு கம்மி விலையில கிடைக்குமா, இல்லைன்னா எண்ணெய் பரோட்டா. பரோட்டா கேக்குறவர் கூடவே ஒரு வைத்தியக் குறிப்பும் குடுப்பார், "அதான் ஒங்க ஊர்ல சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வருது". ரத்தத்துல கொழுப்பு ஏறுனா குற்றவாளி வாய்தான்னு தீர்ப்பு எழுதி ரொம்ப நாளாச்சு. வாய்க்கும் பங்கு இருக்கு, மறுக்கல. ஆனா உள்ள வந்த கொழுப்பை ரத்தத்துல இருந்து எடுக்கிறது யாருன்னு ஒரு கேள்வி இருக்கே? அதுக்கு விடை கிடைச்ச கதைதான் இது. அதுல நம்ம நாட்டுக்காரர் ஒருத்தருக்கும் நல்ல பங்கு உண்டு.

லேப் ரிப்போர்ட்ல 'கெட்ட கொழுப்பு'ன்னு திட்டு வாங்குற எல்டிஎல், உண்மையில ஒரு பார்சல். குறுக்களவு 22 நானோமீட்டர், உள்ள சுமார் 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறு. ரத்தத்துல மிதந்துக்கிட்டே இருக்கும்.

சில குடும்பங்கள்ல இது பரம்பரையாவே எக்கச்சக்கமா இருக்கும். லெபனான்ல கச்சதூரியன்னு ஒரு டாக்டர் சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்ட குடும்பங்களை ஆராய்ஞ்சு 1964ல் ஒரு கணக்கு சொன்னார். அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான மரபணு வாங்குன பிள்ளைக்குக் கொழுப்பு பயங்கரமா ஏறும், ஒரு பக்கம் மட்டும் வாங்குனவங்களுக்கு நடுத்தரமா ஏறும். முதல் ரகத்துக்குச் சின்ன வயசுலயே முட்டியிலயும் முழங்கையிலயும் மஞ்சள் கட்டி வரும், பள்ளிக்கூட வயசுலயே மாரடைப்பும் வரலாம்.

பழுது எங்க? அமெரிக்காவுல டாலஸ் நகரத்துல மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன்னு ரெண்டு இளம் டாக்டர்கள் இதைத் தேடுன விதம் சுத்தமான டீபக்கிங். தோல் செல்லைத் தட்டுல வளர்த்தாங்க. செல்லுக்குத் தானே கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியும். சாதாரண ஆள் செல்லுக்கு வெளியில இருந்து எல்டிஎல் குடுத்தா தயாரிப்பை நிறுத்திடுது. இந்த நோய் உள்ள பிள்ளையோட செல், எவ்வளவு குடுத்தாலும் நிறுத்தல. சரி, தயாரிக்கிற என்சைம் கெட்டுப்போச்சுன்னுதான் யாரும் நினைப்போம். அவங்க இன்னொரு டெஸ்ட் பண்ணுனாங்க. கொலஸ்ட்ராலை ஆல்கஹால்ல கரைச்சு நேரா ஊத்துனாங்க. பிள்ளையோட செல்லும் ஒழுங்கா நிறுத்திடுச்சு! அப்ப என்சைம்ல தப்பு இல்ல. பார்சல் உள்ள போகல, அவ்வளவுதான். கதிரியக்க அயோடின் ஒட்டுன எல்டிஎல்லை வச்சு 1974ல் உறுதி பண்ணுனாங்க: சாதாரண செல் மேல அதைப் பிடிக்கிற ஏற்பி இருக்கு, அந்தப் பிள்ளைங்க செல்லுல இல்ல.

ஏற்பின்னா என்னன்னு எங்க ஊர் ஆளுக்குச் சொல்றது சுலபம். காலையில வெம்பக்கோட்டை சுத்துன கிராமங்கள்ல பட்டாசு ஆபீஸ் வேன் வந்து ஆளை ஏத்திக்கிட்டுப் போகும்ல, அதேதான். ஏற்பி எல்டிஎல்லைப் பிடிச்சு செல்லுக்குள்ள கொண்டுபோய் இறக்கிட்டு, காலி வண்டியா வாசலுக்குத் திரும்ப வரும். ஒரு ட்ரிப்புக்கு சுமார் 10 நிமிஷம், ஆயுசு 20 மணி நேரம் போல. வேன் ரொம்ப ஓடுறது கல்லீரல்ல.

வேன் திரும்பி வருதுன்னு சும்மா சொல்லிட முடியாது, காட்டணும். இங்கதான் சந்தீப் குமார் பாசு வர்றார். 1970கள்ல டாலஸ் போய் அந்த ஆய்வுக்கூடத்துல சேர்ந்தவர். மோனென்சின்னு ஒரு மருந்து இருக்கு, கோழித் தீவனத்துல கலப்பாங்க. அதைச் செல்லுக்குக் குடுத்தா ஏற்பி உள்ள போகுது, ஆனா வெளிய வரல. வாசல்ல வேன் எண்ணிக்கை குறையுது, உள்ள குவிஞ்சு நிக்குது. அப்ப சாதாரண நாள்ல திரும்பி வந்துக்கிட்டு இருந்திருக்குன்னுதானே அர்த்தம்? 1981ல் 'செல்' இதழ்ல வந்த அந்தக் கட்டுரையில முதல் பேரே பாசுதான்.

அதுக்கு முந்தி 1979ல் இன்னொண்ணு. எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. அந்தப் பிள்ளைங்களுக்கு ஏற்பியே கிடையாது, ஆனா ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் மட்டும் கொழுப்பா வீங்கிக் கெடக்கு. வாசலே இல்லாத வீட்டுக்குள்ள எப்படி இவ்வளவு சரக்கு? கோல்ட்ஸ்டைன், ஹோ, பாசு, பிரவுன் நாலு பேரும் சேர்ந்து விடை சொன்னாங்க. மேக்ரோஃபேஜுக்குத் தனியா ஒரு வாசல் இருக்கு. வேதியியல் ரீதியா மாறிப்போன எல்டிஎல்லை அது இழுத்துக்கும். முதல் ஏற்பியாவது செல்லுக்கு வயிறு நிறைஞ்சா குறைஞ்சுக்கும், இதுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. துப்புரவு ஏற்பின்னு பேர் வந்துச்சு. மாரடைப்புல போய் முடியுற அடைப்பு தொடங்குறதே இந்த மாதிரி வீங்குன செல்கள்ல இருந்துதான்.

1985ல் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் நோபல். பாசு இந்தியா திரும்பி சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்துல அதே துப்புரவு வாசலை வேற வேலைக்கு எடுத்தார். கருங்காய்ச்சல் கிருமி குடியிருக்கிறது மேக்ரோஃபேஜுக்குள்ளதான். அந்த ஏற்பி பிடிக்கிற புரதத்துல மருந்தைக் கட்டி அனுப்புனா நேரா கிருமி வீட்டுக்கே போய்ச் சேருதுன்னு 1989ல் 'சயின்ஸ்' இதழ்ல காட்டுனாங்க. அப்புறம் டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தார், 2001ல் பத்மஸ்ரீ. கூட்டல் கழித்தல்ல உலகத்துக்கே நாமதான் வாத்தியார்னு ஃபார்வர்டு அனுப்புற நம்ம மக்கள் இவரைப் பத்தி ஒரு ஃபார்வர்டு கூட அனுப்பி நான் பார்க்கல :-)

இந்த அறிவால என்ன லாபம்? ஜப்பான்ல அகிரா எண்டோ பூஞ்சைகளை ஆயிரக்கணக்குல சலிச்சு 1973ல் கண்டுபிடிச்ச பொருள்ல இருந்து ஸ்டேட்டின் மாத்திரைங்க வந்துச்சு. அது செல்லோட சொந்தத் தயாரிப்பை மடக்கும். சரக்கு பத்தாத கல்லீரல் வாசல்ல கூடுதல் வேன் நிறுத்தும், ரத்தத்துல எல்டிஎல் இறங்கும். ஒரு பக்கம் நல்ல மரபணு இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே கேக்கும். ரெண்டு பக்கமும் பழுதுன்னா நிறுத்த வேனே இல்லையே? 1984ல் ஸ்டார்மி ஜோன்ஸ்னு 6 வயசு அமெரிக்கச் சிறுமிக்கு இதயத்தோட கல்லீரலையும் சேர்த்து மாத்துனாங்க. புதுக் கல்லீரல் வந்ததும் எல்டிஎல் ஐந்துல ஒரு பங்கா இறங்குச்சு. 1990ல் 13 வயசுல இறந்துட்டா.

ஒரு பக்கப் பழுது சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் பழுது ரொம்ப அபூர்வம், ஆனா சொந்தத்துல கட்டுற இடத்துல அந்த அபூர்வம் குறையும். ஒரு பக்கப் பழுது உள்ள ரெண்டு பேர் கட்டுனா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. தமிழ்நாட்டுல நாலுல ஒண்ணுக்கு மேல சொந்தத்துக்குள்ள நடந்த கல்யாணம்னு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது.

எங்க தாய்மாமா 2011ல் போனப்ப வயசு 39. பட்டாசு ஆபீஸ் போர்மேன். சைக்கிள்ல போறவர், ஒல்லி உடம்பு. குதிகாலுக்கு மேல நரம்பு தடிச்சுப்போய் இருக்கும், கண்ணு கருவிழியைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம். ரெண்டும் இந்த நோய்க்கு அடையாளம்னு இப்பத் தெரியுது. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் பரோட்டாவைத்தான் வஞ்சாங்க.

மாமா பொண்ணுக்கு வயசு 22. என் பேச்சைக் கேட்டு போன மாசம் டெஸ்ட் எடுத்துச்சு, எல்டிஎல் 232. டாக்டர் ஸ்டேட்டின் எழுதிக் குடுத்திருக்கார். அந்தப் பொண்ணை எங்க பெரியம்மா மகனுக்குப் பேசி வச்சிருக்காங்க. அவனும் மாமாவோட அக்கா பிள்ளைதானே, அவனுக்கும் அதே ரத்தம் வந்திருக்கலாம். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல, அவனும் ஒரு டெஸ்ட் எடுக்கட்டும்னுதான் சொன்னேன். 12 மணி நேரம் பட்டினி கூட வேணாம், ரத்தம் குடுத்தா சாயங்காலம் ரிசல்ட். பெரியம்மா சொன்ன பதில், "ஜாதகம் பத்துக்கு எட்டு பொருத்தம் இருக்குப்பா". அவன் இன்னும் லேபுக்குப் போகல. தீபாவளி சீசன் முடியட்டும்னு சொல்லிக்கிட்டு இருக்கான்.