பட்டியும் ஹட்டியும்

கோத்தகிரியில் தமிழாசிரியராக இருந்தபோது, ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினேன். தமிழில் பால், பல், பத்து, புலி. நீலகிரிப் படுகர் பேசும் படுகு மொழியில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி. வேறொன்றும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், நம்ம 'ப' அவங்களுக்கு 'ஹ'. அப்போ ஹட்டின்னா நம்ம பட்டிதானே?" தினமும் காதில் விழுந்த ஊர்ப்பெயரின் பொருள் அன்றுதான் அவளுக்குத் திறந்தது.

தெரியாத மொழியின் சில சொற்களைக் கொடுத்து, விதியை மாணவரே கண்டுபிடிக்கச் சொல்லும் இந்தப் பயிற்சி மாஸ்கோவில் 1965இல் போட்டியானது. அத்தகைய கணக்குகளுக்கு 1963லேயே வழிகாட்டியவர் மொழியியலாளர் ஸலிஸ்னியாக். பல்கேரியாவில் 2003இல் அது சர்வதேசப் போட்டியாக வளர்ந்தது. தனிநபர் சுற்றில் ஆறு மணி நேரம், ஐந்து கணக்குகள். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. இந்தியா 2009இல் முதன்முதலாகக் கலந்துகொண்டது. பாணினி பெயரில் இங்கே தேர்வும் தொடங்கியது. 2016இல் உலகப் போட்டியே மைசூருக்கு வந்தது. ஊட்டியிலிருந்து முதுமலை வழியாகப் பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரும் தூரம்.

ஆனால் இந்த நீலகிரி மலைக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கே வந்து, எழுத்தில்லாத தோடர், கோத்தர் மொழிகளைக் காதால் கேட்டே பிரித்துப் பார்த்தார். கோத்தரான சுள்ளி கதை கதையாகச் சொல்ல, அவர் ஒவ்வொரு ஒலியையும் குறித்துக்கொண்டார். அவை 1944 முதல் 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்ற நூலாக வெளிவந்தன. மொழியறிஞர் பர்ரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்த மலையின் சொற்கள் தமிழோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. எமனோவின் புகழில் பாதி சுள்ளிக்கும் உரியது என்பேன். விடையைத் தேடியவர் ஒருவர், விடை முழுவதையும் நாவில் வைத்திருந்தவர் மற்றவர்.

இன்றும் நம் வகுப்புகளில் தமிழ், படுகு, இருளா, மலையாளம் பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். வீட்டு மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள், ஆசிரியர்களே. ஆளுக்குப் பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கணக்கு அதிலேயே இருக்கிறது.