தோல், தொழிலாளி, கிணறு: பாலாற்றங்கரையில் அரசு அலுவலகங்களின் கணக்கு

கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் அடங்கல் பதிவேட்டுக்கு வருவாய்த் துறை வழக்கில் ‘கிராமக் கணக்கு எண் 2’ என்று பெயர். எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் நின்றது, அதற்கு நீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பசலி (வருவாய் ஆண்டு) வாரியாகச் சொல்வது அது. கிணற்றுப் பாசனம் என்றால் கிணறு என்று எழுதுவார்கள். அந்தக் கிணற்று நீர் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று எழுத அதில் தனிப் பத்தி கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் பகுதியில், அரசு அலுவலகங்கள் மக்களின் அன்றாடத்துக்கு எப்படிப் பயன்பட்டன என்று ஆராயப் புகும்போது இந்த இல்லாத பத்திதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஓர் அலுவலகம் எதை எண்ணுகிறதோ அதற்குத்தான் அதனால் பணி செய்ய முடியும். இந்தப் பகுதியில் அரசு முதலில் தோலை எண்ணியது. பிறகு தொழிலாளியை எண்ணியது. கிணற்றை எண்ண வந்தது கடைசியில். இந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோலின் காலம்

ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட மாட்டுத் தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்கு ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தச் சரக்கு தேவைப்பட்டபோது அரசு நேரடியாகவே கொள்முதலைக் கையில் எடுத்தது. 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். பேரரசுக்குள் போகும் சரக்குக்கு அதில் பெரும்பகுதி தள்ளுபடி. பதனிடும் வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்ற எண்ணமும், லண்டனின் வசதியும் அந்த ஒரே வரியில் அடங்கின.

இதற்குச் சற்று முன்பே இன்னொரு கதை நடந்து முடிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 வாக்கில் குரோம் பதனிடும் முறையை அரசுச் செலவில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோலைக் குரோம் உப்பு சில நாள்களில் பதப்படுத்திவிடும். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு இந்தத் தோல் நன்றாக உழைக்கும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய பயன்களில் ஒன்று. ஆனால் அரசு வியாபாரத்தில் இறங்கலாகாது என்று லண்டனில் இருந்த இந்தியச் செயலர் மார்லி முட்டுக்கட்டை போட, 1910-இல் அந்தத் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. கிணற்றுக்கு உதவும் என்று அறிமுகமான குரோம், பின்னாளில் கிணற்றையே கெடுத்தது. வரலாற்றில் இப்படிப்பட்ட குறும்பு அபூர்வமல்ல. ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்.

விடுதலைக்குப் பிறகு அரசின் கை இன்னும் நீண்டது. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஏப்ரல் 24-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1958-இல் இயக்குநர் பொறுப்பேற்ற ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தில் கண்டதைச் சிறு டேனரிக்காரரிடம் (தோல் பதனிடும் கூடம் வைத்திருப்பவரிடம்) கொண்டுபோய்ச் சேர்ப்பதையே நிறுவனத்தின் முதல் வேலையாக்கினார். 1973-இல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும்தான் போக வேண்டும் என்றார்கள். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகள் பெருகியது இந்தக் கொள்கைக்குப் பின்னால்தான். 1984-இல் தோல் ஏற்றுமதிக் கழகம் வந்தது. வரி, ஆய்வுக்கூடம், பயிற்சி, ஊக்கத்தொகை, ஏற்றுமதிச் சான்று எனத் தோலுக்கு வேண்டிய அலுவலகம் எல்லாம் வேண்டிய நேரத்தில் கிடைத்துவிட்டன. அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

தொழிலாளியின் காலம்

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் தோல் பதனிடும் தொழில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. கூலி கேட்டுப் பேரம் பேசும் வலு இல்லாத தொழில்களைத்தான் அந்த அட்டவணையில் சேர்த்தார்கள். பச்சைத் தோலை உப்பு உதறி, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்கும் வேலையைப் பெரும்பாலும் தலித் மக்கள்தான் செய்தார்கள் என்பதால், அங்கே கூலியோடு சாதியும் சேர்ந்தே எடை போடப்பட்டது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், மக்கள் வாயில் ஈ.எஸ்.ஐ., தமிழகத்தில் 1955-இல் கோவையில் தொடங்கியது. இன்று 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர் இதற்குள் வருவார். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய் விடுப்பில் 91 நாள்வரை 70 சதவீதக் கூலி, பிரசவத்துக்கு 26 வாரம். ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதால், இப்பகுதியில் ஒரு குடும்பத்துக்கு அரசு என்றால் பல நேரம் ஈ.எஸ்.ஐ. மருந்தகமும் பி.எஃப். கணக்கும்தான்.

எண்ணப்பட்டவருக்கு இது மெய்யான பயன். எண்ணப்படாதவர் நிலை வேறு. ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று இடைத்தரகர் கையிலிருந்து காசு வரும். அவர்கள் பெயர் எந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லாததால், மருந்தகத்தின் கதவும் அவர்களுக்குத் திறப்பதில்லை.

கிணற்றின் காலம்

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான். நீர் மணலுக்கடியில் இருக்கும். ஊற்றுக்கால் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுவருவது இப்பகுதியின் பழைய பாசன முறை. கழிவுநீரை அடித்துக்கொண்டு போக ஆற்றில் வெள்ளம் இல்லாத இடத்தில் அதை மணலில் விட்டால், அது நேராக ஊற்றுக்குள்தான் இறங்கும். கழிவில் குரோமைவிடப் பரவலான தொல்லை உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு வருகிறது. டேனரியின் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைப் போக்குவது. அந்த உப்பு நீரோடு கலந்தால் சுண்ணாம்போ படிகாரமோ போட்டு எடுக்க முடியாது.

தண்ணீரின் தரத்துக்குப் பொறுப்பான சட்டம் 1974-இல் வந்தது. அதைச் செயற்படுத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாட்டில் 1982 பிப்ரவரி 27-இல்தான் அமைந்தது. சாட்டர்டனின் சோதனைக்கும் இந்த வாரியத்துக்கும் இடையில் ஏறக்குறைய 80 ஆண்டு. குரோம் தோலுக்கு அரசு அலுவலகம் கிடைத்ததற்கும் குரோம் கலந்த தண்ணீருக்கு அரசு அலுவலகம் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி அவ்வளவு.

வாரியம் வந்த பிறகும் நோட்டீஸ்தான் போயிற்று. டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவருக்கும் இன்று பாடம்; மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. நம் நோக்கில் அதைவிட முக்கியமானது அத்தீர்ப்பில் வரும் எண்கள். வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீட்டின்படி தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. பாலாற்றுக்கு வெளியே, இன்னொரு தோல் பகுதியான திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. கிணறு வாரியாக எண்ணிக் காட்டியவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் மூட வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் கண்டு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. கணக்கிட்ட தொகையை மாவட்ட ஆட்சியர் தேவைப்பட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்றும் கூறியது. நிலவரி பாக்கியை வசூலிக்கும் சட்டம் இங்கே 1864-ஆம் ஆண்டினுடையது. கலெக்டர் என்ற பதவியின் பெயருக்கே வசூலிப்பவர் என்றுதான் பொருள். உழவனிடம் தீர்வை பிடுங்க வெள்ளையர் செய்த கருவி, உழவனுக்காக டேனரியிடம் வசூலிக்கத் திருப்பிவிடப்பட்டது. வசூலுக்கு நீதிமன்றம் புதிய இயந்திரம் எதையும் செய்யவில்லை. இருந்த பழைய இயந்திரத்தின் திசையை மாற்றியது. இதை அத்தீர்ப்பின் மிகப் பெரிய நடைமுறைத் துணிவு என்று கருதுகிறேன்.

இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7-இல் வேலூர் மாவட்டத்துக்கான தீர்வத்தை வெளியிட்டது: பாதிக்கப்பட்டவர் 29,193 பேர், பொறுப்பான தொழிற்கூடங்கள் 547, இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் முடிய, ஏறக்குறைய ஏழரை ஆண்டுகளுக்கு. தொகை சிறிதுதான். ஆனாலும் அரசின் ஏதோ ஒரு காகிதத்தில் இந்தக் கிணறுகளுக்கு முதல்முறையாகத் தலைப்பு கிடைத்தது. அந்தக் காகிதத்திலும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. சேதத்தை நிலத்தின் பரப்பால் அளக்கும் எந்தக் கணக்கிலும் பட்டா இல்லாதவர் வருவது கடினம். நிலம் தரிசானதால் நடவும் களையெடுப்பும் போன கூலிப் பெண்ணுக்குப் புல எண் ஏது? அவர்களில் எத்தனையோ பேருக்குப் பிழைப்பு கிடைத்ததும் அதே தோல் கம்பெனிகளில்தான். இந்தப் பகுதியில் கெடுத்தவன், கெட்டவன் என்று ஊரை இரண்டாகக் கிழித்துப் பார்க்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

சுத்திகரிப்பும் அதன் மிச்சமும்

ஒவ்வொரு சிறு டேனரியும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பதால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தொடக்கத் திட்டத்தில் செலவில் கால்பங்கு மத்திய அரசு, கால்பங்கு மாநில அரசு. மீதி கடனும் உறுப்பினர் பங்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எனப் பகுதிக்குப் பகுதி டேனரிக்காரர்களே கம்பெனி அமைத்து நடத்தினார்கள். வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குடிநீருக்கு, வேறு வழியே இல்லாத இடத்தில், அனுமதிக்கப்படும் உச்சம் 2,000. உப்பைப் போக்க முடியாத சுத்திகரிப்பு போதாது என்றாகி, பின்னர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமானது. இப்போது சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் நீரைத் திருப்பித் தருகின்றன. பல உப்புகள் கலந்த மிச்சம் மூட்டைகளில் தேங்குகிறது. அதை வாங்க ஆளில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் படுத்திருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரைக் காக்க எழுந்த கட்டடம் தொழிலாளியைக் கொன்றது. தண்ணீரைப் பார்க்க ஓர் அலுவலகம், தொழிலாளியைப் பார்க்க இன்னொன்று என்ற பிரிவினை அந்த இரவில் யாருக்கும் உதவவில்லை.

இதற்கிடையில் குடிநீர்ப் பிரச்சினைக்கு அரசு வேறொரு வழியில் விடை கண்டது. மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றியது. பாலாற்றங்கரையில் குடியிருப்பவர் காவிரிக் குழாய்க்குக் காத்திருக்கிறார். தாகம் தீர்ந்ததை மறுக்க முடியாது. அன்றாட வாழ்வில் அரசு செய்த மிகத் தெளிவான உதவியும் இதுவே. ஆனால் குழாய் வந்த வீட்டில் கிணற்றைப் பற்றி மனு எழுதும் அவசரம் குறைந்துவிடுகிறது.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போகிறவருக்கு பஸ் தூரம் குறைந்தது. இப்பகுதியில் ஆற்றின் மணலுக்கடியில் நகரும் நீர் இப்போது மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கு உட்பட்டது.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வில், இதே வழக்கின் வழித்தோன்றலில் மறுபடி தீர்ப்பளித்தது. 2001-இலும் 2009-இலும் கணக்கிட்ட இழப்பீட்டில் கொடுபடாததை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றைச் சீர்படுத்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். சேதம் சரியாகும்வரை பொறுப்பும் தீராது என்றது அத்தீர்ப்பு. முதல் மனு போட்ட 1991-இல் முப்பது வயதாக இருந்த உழவருக்கு அப்போது அறுபத்து நான்கு. அவர் நிலத்தின் அடங்கலில் அந்தப் பசலிக்கும் பாசன ஆதாரம் என்ற பத்தி இருந்திருக்கும். அதில் கிணறு என்று எழுதியிருப்பார்கள்.