இல்லறத்தார்க்கு வாய்த்த தியானம்: பர்மா, இலங்கை பௌத்த மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மனத்தை ஒருமுகப்படுத்தி அகத்தை நோக்கும் பயிற்சி கீழைத்தேயங்களிலே மிகத் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பயிற்சியை யார் மேற்கொண்டனர், எச்சூழலில் மேற்கொண்டனர், அதற்கான தகுதி யாருக்கு உண்டெனக் கருதப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அது வரலாற்றுக்குரிய பொருளாகின்றது. எழுதுவினைஞர் ஒருவர் பத்து நாள் விடுமுறை பெற்றுத் தியான நிலையமொன்றிலே தங்கி, கண்களை மூடி அமர்ந்து, பின்னர் மீண்டும் தம் அலுவலகத்துக்குத் திரும்புவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தேரவாத பௌத்த நாடுகளில் இத்தகைய காட்சியைக் காண்பது அரிது. துறவிகளுள்ளும் மிகச் சிலருக்கே உரியதாகக் கருதப்பட்ட ஒரு பயிற்சி, இல்லறத்தாரின் பொதுவுடைமையானது எவ்வாறு என்பதை ஆராய்வதும், அம்மாற்றம் எதனைத் தந்தது, எதனைத் தரத் தவறியது என மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தேரவாத மரபிலே தியானம் பற்றிய முறையான விளக்கம் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலே புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் என்னும் பாளி நூலிலே காணப்படுகின்றது. மனம் பற்றி நிற்பதற்குரிய 40 பொருள்களை அந்நூல் வகுத்துரைக்கின்றது. மனத்தை அடக்கி அமைதியுறச் செய்யும் சமதம், பொருள்களின் நிலையாமையை உள்ளவாறு காணும் விபசனை என்னும் இருநெறிகளையும் அது விரித்துரைக்கின்றது. இந்நூலுக்கு உரை கண்ட தம்மபாலர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர். பர்மியத் துறவிகளின் முதற் பாடநூலாக விளங்கும் அபிதம்மத்தசங்ககத்தை ஆக்கிய அனுருத்தரும் தமிழகத்தோடு தொடர்புடையவர் எனக் கருதப்படுகின்றார். பின்னாளில் பர்மாவிலே எழுந்த தியான இயக்கத்தின் ஏட்டு அடித்தளத்தில் ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் பங்குண்டு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஏட்டிலே விரிவாக இருந்த நெறி நடைமுறையிலே மங்கியது. துறவியின் கடமைகள் கற்றற் கடமை, தியானக் கடமை என இரண்டாக வகுக்கப்பட்டபோது, முன்னதே மேலோங்கியது. ஏடுகளைக் காத்தல், கற்பித்தல், மக்களுக்குச் சமயக் கிரியைகள் ஆற்றுதல் என்பன கிராமத்து விகாரைகளின் பணிகளாயின. புத்தர் காலத்திலிருந்து உலகம் தேய்ந்து வருவதால், தியானத்தின் உயர்பேறுகளை இக்காலத்தில் எய்துதல் இயலாது என்ற எண்ணமும் பரவலாக நிலவிற்று. இல்லறத்தானுக்கு உரியனவாகத் தானமும் சீலமும் விதிக்கப்பட்டன. அவற்றால் நற்பிறவி எய்தி, வருங்காலப் புத்தர் தோன்றும்போது விடுதலை பெறலாம் என அவன் காத்திருந்தான். பொறுமையும் நம்பிக்கையும் நிறைந்த அவ்வாழ்வில், தன் மனத்தைத் தானே ஆராயவேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

3

இலங்கையின் நிலையும் இதுவே. கண்டி இராச்சியத்திலே நாயக்க வமிசத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரர் தலைமையில் வந்த துறவிகள், அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினர். அவ்வழியாகச் சில தியான முறைகளும் வந்திருத்தல் கூடும் என ஆய்வாளர் கருதுவர். ஆயின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மரபு ஏட்டளவிலேயே எஞ்சியிருந்தது. கண்டிப் பகுதியில் பம்பரகல விகாரையிலே அநகாரிக தர்மபாலர் கண்ட தியான ஏடொன்றை றைஸ் டேவிட்ஸ் 1896 இல் பாளி நூற் கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். மெழுகுதிரிகளை ஏற்றி வைத்துச் செய்யும் நுட்பமான பயிற்சிகள் அதில் விவரிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கற்பிக்கவல்ல ஆசான் கிடைத்தல் அரிதாயிற்று. நூலைக் கண்டெடுத்த தர்மபாலர் ஏடுகளின் துணைகொண்டே தம் தியானப் பயிற்சியைத் தொடரவேண்டியவரானார். ஒரு மரபின் உயிர் ஆசிரிய மாணவத் தொடர்ச்சியிலேயே தங்கியுள்ளது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4

மாற்றத்துக்கான உந்துதல் பர்மாவிலிருந்து வந்தது. அங்கும் தியானம் முற்றாக வழக்கொழிந்துவிடவில்லை. 1754 அளவிலேயே மேதாவி என்னும் துறவி பர்மிய மொழியில் விபசனை பற்றி எழுதினார். மின்டோன் மன்னனின் மண்டலே அரசவையிலும் இதில் ஆர்வம் நிலவிற்று. எனினும் அது சிலரது ஆர்வமாகவே இருந்தது. 1885 நவம்பரில் பிரித்தானியப் படைகள் மண்டலேயைக் கைப்பற்றின. தீபோ மன்னன் இந்தியாவின் இரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டான். 1886 சனவரி முதலாம் நாள் மேல்பர்மா பிரித்தானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. ஓர் அரசு வீழ்ந்தது என்பது மட்டும் இதன் பொருளாகாது. பர்மியர் கருத்திலே மன்னனே சாசனத்தின் காவலன். சங்கத்தின் ஒழுங்கைப் பேணியவனும் விகாரைகளைப் புரந்தவனும் அவனே. காவலன் இல்லாதவிடத்துச் சாசனத்தைக் காப்பவர் யார் என்ற வினா ஒவ்வொரு கிராமத்தையும் எட்டியது.

இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்களுள் முதன்மையானவர் லெடி சயாடோ (1846–1923). ஷுவேபோ மாவட்டத்திலே பிறந்து மண்டலேயில் கற்ற இவர், அரசு வீழ்ந்த மறு ஆண்டு மொன்யுவாவுக்கு அண்மையிலுள்ள லெடிக் காட்டிலே விகாரையொன்றை அமைத்துக்கொண்டார். அவரது விடை எளிமையானது: சாசனத்தை இனி மக்களே காக்கவேண்டும். அதற்கு மக்கள் கற்கவேண்டும், கற்றதைத் தம் உள்ளத்திலே சோதித்துக் காணவேண்டும். 1897 இல் வெளிவந்த பரமத்ததீபனி என்ற அவரது நூல் பழைய உரையாசிரியரை மறுத்துரைத்தமையாற் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதனினும் முக்கியமானது, துறவிகளிடையே வழங்கிய அபிதம்மத்தைச் சிறுசிறு பர்மிய நூல்களாகவும் பாடல்களாகவும் எழுதி அச்சேற்றி ஊர்தோறும் பரப்பியமையாகும். வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவிச் சைவத்தைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்த ஆறுமுக நாவலரின் பணியோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். காலனித்துவ நெருக்கடிக்கு இருவரும் அச்செழுத்தின் வாயிலாகவே விடையளித்தனர்.

லெடி சயாடோவின் மற்றொரு துணிபு தியானத்தைப் பற்றியது. ஆழ்ந்த சமாதி நிலைகளை எய்திய பின்னரே விபசனையைத் தொடங்கவேண்டும் என்பதில்லை. கணந்தோறும் நிகழ்வதைக் கூர்ந்து நோக்குவதற்குப் போதிய அளவு மன ஒருமை இருப்பின் அதுவே போதுமானது. இக்கருத்து பழைய நூல்களிலும் இடம்பெற்றிருந்ததே. ஆயின் அதனை இல்லறத்தாருக்குரிய வழியாக முன்வைத்தமையே புதுமை. காட்டுக்குச் சென்று பல்லாண்டு தங்க இயலாத உழவனுக்கும் வணிகனுக்கும் இதனால் வாயில் திறந்தது.

5

அவ்வாயிலின் வழியே இரு கிளைகள் வளர்ந்தன. முதற்கிளையின் மூலவர் மிங்குன் ஜேதவன சயாடோ. இல்லறத்தாருக்கான முதலாவது தியான நிலையம் 1911 இல் அவராலேயே தொடங்கப்பட்டது. அவரிடம் பயின்ற மகாசி சயாடோ (1904–1982), இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலே ஷுவேபோ நகர்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில் தம் விபசனைப் பெருநூலை எழுதினார். மூச்சினால் வயிறு எழுதலையும் தாழ்தலையும் கவனித்து, எழும் எண்ணத்தையும் நோவையும் ஒலியையும் அவ்வப்போது மனத்துட் குறித்துக்கொள்வதே அவர் கற்பித்த முறை. நடக்கும்போது அடியெடுத்தல், முன்வைத்தல், ஊன்றுதல் என்பனவும் அவ்வாறே கவனிக்கப்பட்டன. கல்வியறிவு குறைந்தவரும் சில நிமிடங்களில் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாங் கிளை முழுவதும் இல்லறத்தாராலேயே வளர்க்கப்பட்டது. இரங்கூனுக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றின் உழவரான சயா தெட்ஜி (1873–1945), வாந்திபேதிக் கொள்ளை நோயிலே தம் பிள்ளைகளை இழந்தார். அத்துயரம் அவரை வீட்டைவிட்டு வெளியேறி ஆசான்களைத் தேட வைத்தது. லெடி சயாடோவிடம் கற்ற அவர், அவருடைய இசைவோடு தாமே ஆசானாகிக் கற்பிக்கலானார். துறவி அல்லாத ஒருவர் தியான ஆசானாவது அக்காலத்தில் எளிதில் ஏற்றுக்கொள்ளத்தக்க செய்தியாக இருக்கவில்லை.

அவரிடம் 1937 இல் பயிற்சியைத் தொடங்கிய ஊ பா கின் (1899–1971) அரசாங்க உத்தியோகத்தர். 1948 சனவரி 4ஆம் நாள் பர்மா சுதந்திரம் பெற்றபோது அவர் நாட்டின் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். தம் திணைக்களத்தின் உத்தியோகத்தருக்கு அலுவலகத்திலேயே தியானம் கற்பித்தார். 1952 இல் இரங்கூனிலே சர்வதேச தியான நிலையத்தை நிறுவினார். ஒரே வேளையில் பல அரச பொறுப்புகளைச் சுமந்தவர் என்பதும், ஊழல் மலிந்த நிறுவனங்களைச் சீர்படுத்த அரசு அவரையே நாடியது என்பதும் குறிப்பிடத்தக்கன. அகத்தமைதிக்கும் அலுவலகக் கோவைகளுக்கும் இடையே முரண்பாடில்லை என்பதை அவர் தம் வாழ்வாற் காட்டினார். அவரிடம் 1955 இல் பயின்ற இந்திய வமிசாவளி வணிகரான எஸ். என். கோயங்கா (1924–2013), 1969 இல் இந்தியா சென்று பத்து நாட் பயிற்சிகளை நடத்தலானார். 1976 இல் இகத்புரியிலே அவரது தலைமை நிலையம் உருவாயிற்று. 1994 இல் டில்லி திகார் சிறைச்சாலையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒரே பயிற்சியில் அமர்ந்தனர். ஏறத்தாழ நூறாண்டுகளில் விகாரையிலிருந்து சிறைக்கூடம் வரை நீண்ட பயணம் இது.

6

இலங்கைக்கு மகாசி முறை 1950களின் நடுப்பகுதியிலே பர்மியத் துறவிகளின் வாயிலாக வந்தது. 1956 இல் கந்துபொட தியான நிலையம் தோன்றியது. ஆசிரிய மரபு அறுந்துபோயிருந்த நாட்டிலே இது ஆர்வத்தோடு வரவேற்கப்பட்டது. எனினும் எதிர்ப்பும் எழாமலில்லை. கொழும்பு வஜிராராமத்தைச் சேர்ந்த கற்றறிந்த துறவிகள் சிலர், வயிற்றின் அசைவை நோக்கும் முறைக்குத் திரிபிடகத்தில் ஆதாரம் எங்கே எனவும், சமதத்தைக் கைவிட்ட விபசனை முழுமையாகுமா எனவும் வினவினர். 1960களிலும் இவ்விவாதம் ஏடுகளில் தொடர்ந்தது. விரைவிற் பயன் தரும் எளிய முறை ஆழத்தை இழந்துவிடுமோ என்னும் அவர்களது ஐயத்தைப் பழைமைவாதம் என ஒதுக்குதல் தகாது. பரவலாக்கம் எங்கு நிகழினும் எழவேண்டிய வினாவே அது.

இவ்விவாதத்தின் மறுபக்கத்திலே நின்றவர் ஞானபோனிக தேரர் (1901–1994). ஜெர்மனியிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து 1936 இல் இலங்கை வந்து துறவு பூண்ட இவரை, ஜெர்மானியர் என்ற காரணத்தாற் பிரித்தானிய அரசு போர்க்காலத்திலே தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவின் டேராடூனிலும் தடுத்து வைத்தது. முள்வேலிக்குள்ளேயே பாளி நூல்களை மொழிபெயர்த்தார். 1952 இல் பர்மா சென்று மகாசி சயாடோவிடம் பயின்றார். 1954 இல் வெளிவந்த அவரது தியான நூல் மேனாட்டவரை இந்நெறிக்கு ஈர்த்தது. கண்டி உடவத்தைக் காட்டின் குடிலில் வாழ்ந்த அவர், 1958 சனவரி முதலாம் நாள் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் தூண்களுள் ஒருவராவார். இனத்தின் பெயராலும் தேசத்தின் பெயராலும் இருமுறை ஒதுக்கப்பட்ட ஒருவர், எதிர்ப்படும் பொருளை விருப்பு வெறுப்பின்றி நோக்கும் பயிற்சியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டமை சிந்திக்கத்தக்கது.

7

இவ்வியக்கத்தின் சாதனையை ஏற்றுக்கொள்ளும் அதேவேளை அதன் எல்லையையும் நோக்குதல் வேண்டும். 1949 இன் தொடக்கத்திலே கரேன் கிளர்ச்சிப் படையினர் இரங்கூனின் வாயிலிலுள்ள இன்செயினைக் கைப்பற்றியிருந்தனர். அவ்வாண்டு திசம்பரிலேயே பிரதமர் ஊ நூவின் ஆதரவோடு மகாசி சயாடோ தலைநகரிலே கற்பிக்கத் தொடங்கினார். அரசு தியானத்தைப் புரந்தது. 1954 முதல் 1956 வரை ஆறாவது சங்காயனத்தையும் நடத்தியது. 1961 இல் பௌத்தம் அரச சமயமாக்கப்பட்டபோது பௌத்தரல்லாத சிறுபான்மையினரின் மனக்கசப்பு மேலும் வளர்ந்தது. 1962 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. இலங்கையிலும் கந்துபொட நிலையம் தோன்றிய 1956ஆம் ஆண்டே புத்த ஜயந்தி ஆண்டாகவும் தனிச்சிங்களச் சட்டத்தின் ஆண்டாகவும் அமைந்தது. பௌத்த வெளியீட்டுச் சங்கம் தொடங்கிய 1958ஆம் ஆண்டிலேயே நாடு இனக்கலவரத்தையும் கண்டது.

இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு உண்டெனக் கூறுதல் பொருந்தாது. கண்மூடி அமர்ந்தவர்கள் கலவரத்தைத் தூண்டினர் என்பதற்கு இடமில்லை. ஆயின் ஒன்று தெளிவாகின்றது. தன் சினத்தையும் அச்சத்தையும் தனித்தனியே கண்டறியக் கற்பித்த இயக்கம், ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து கொள்ளும் சினத்தையும் அச்சத்தையும் கண்டறியும் முறையைப் போதிய அளவு கற்பிக்கவில்லை. காலனித்துவத்தின் முன் தம் சாசனம் அழிந்துவிடும் என்ற அச்சமே இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தது. அவ்வச்சம் சுதந்திரத்தின் பின்னரும் நீங்காது அரசியலுக்குள் புகுந்தபோது, அதனைச் சோதனைக்கு உட்படுத்தியோர் சிலரே. பயிற்சியின் பயனைத் தியான மண்டபத்துக்குள் அளவிட்டால் இக்குறை தென்படாது. சயா தெட்ஜியின் மாணவரான ஊ பா கின் தம் அலுவலக மேசையிலே செய்ததுபோல, அண்டை வீட்டானோடும் அயல் இனத்தவனோடும் கொள்ளும் உறவிலே அளவிடும்போதே அது புலனாகும்.

லெடி சயாடோ கிராமம் கிராமமாகக் கொண்டுசென்ற அழைப்பு, கேட்டதை நம்பி இருந்துவிடாது தன்னுள்ளே பரிசோதித்துக் காணவேண்டும் என்பதே. அந்த அழைப்பு துறவியிடமிருந்து உழவனுக்கும், உழவனிடமிருந்து உத்தியோகத்தனுக்கும், அவனிடமிருந்து சிறைக்கைதிக்கும் கைமாறியது. தனிமனிதன் தன்னைப் பரிசோதிக்கும் வழி எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டமை ஒரு நூற்றாண்டின் பெரும்பேறு. தாம் சார்ந்த சமூகத்தையும் அதே நேர்மையோடு பரிசோதிக்கும் பணி, இவ்விரு நாடுகளிலும் இன்னும் எஞ்சியிருக்கின்றது.